உரசுகிற டிஸ்க் பிரேக்கும் மூன்று வரி வைத்தியமும்: பழவேற்காட்டை முன்வைத்து ஒரு குறிப்பு

டிஸ்க் பிரேக் உரசுதா? காலிப்பரோட ரெண்டு போல்ட்டையும் லூஸ் பண்ணுங்க. பிரேக் லிவரை அழுத்திப் பிடிங்க. அப்படியே போல்ட்டை டைட் பண்ணுங்க. முடிஞ்சது.

மவுண்டன் பைக் பழுதுபார்ப்பு பற்றித் தேடினால் முதலில் கையில் கிடைப்பது இந்த மூன்று வரிதான். ஆங்கிலத்தில் தேடினாலும் இதுதான், தமிழில் தேடினாலும் இதுதான். சுருக்கமானது, ஞாபகத்தில் நிற்கும், செய்யவும் சுலபம். இந்த வைத்தியத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் விமர்சிக்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு. அது தப்பு என்று சொல்ல வரவில்லை. சரியான இடத்தில் அது சரியாகவே வேலை செய்கிறது. என் புகார் வேறு: நோய் என்ன என்று கேட்காமலே மருந்து எழுதுகிறது. அது எந்த சைக்கிளை, எந்த ஊரை மனசில் வைத்து எழுதப்பட்டது என்றும் சொல்வதில்லை.

விமர்சனத்துக்கு ஒரு ஊர் வேண்டும். பழவேற்காட்டை எடுத்துக்கொள்கிறேன். திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே குப்பங்கள். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. மணல், உப்புக்காற்று, மீன் தண்ணீர், டீசல் எல்லாம் ஒரே தெருவில் இருக்கிற இடம். இங்கேயும் பள்ளிக்கூடம் போகிற பையன்கள் கையில் தடித்த டயரும் டிஸ்க் பிரேக்கும் வைத்த ‘மவுண்டன் பைக்’ இருக்கிறது. மூன்று வரி வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

வைத்தியம் எங்கே சரி?

முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் காலிப்பரின் இரண்டு பக்கமும் பிஸ்டன் உண்டு. லிவரை அழுத்தினால் இரண்டு பேடும் சம அளவில் உள்ளே வந்து ரோட்டரை நடுவில் கவ்வும். போல்ட் தளர்ந்திருக்கும்போது அப்படிக் கவ்வினால், காலிப்பர் தானே நகர்ந்து ரோட்டருக்கு நேராக வந்து நிற்கும். அந்த நிலையில் டைட் பண்ணினால் நடுவில் உட்காரும். அழகான யோசனை. அளவுகோல் தேவையில்லை, பிரேக்கே தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

ஆனால் குறைந்த விலை சைக்கிள்களில் பெரும்பாலும் வருவது ஹைட்ராலிக் இல்லை, ஒயரில் இயங்குகிற மெக்கானிக்கல் டிஸ்க். அதிலும் பலவற்றில் ஒரு பக்கத்து பேடு மட்டும்தான் நகரும். ஸ்போக் பக்கம் இருக்கிற உள் பேடு அசையாது. வெளி பேடு வந்து ரோட்டரைத் தள்ளி, ரோட்டர் லேசாக வளைந்து, உள் பேடில் போய் மோதும். அப்போதுதான் பிரேக் பிடிக்கும்.

இதில் மூன்று வரி வைத்தியத்தைச் செய்தால் என்ன ஆகும்? லிவரை அழுத்தியதும் காலிப்பர் முழுவதும் நகர்ந்து, அசையாத பேடு ரோட்டரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோம். லிவரை விட்டதும் வெளி பேடு பின்வாங்கும். உள் பேடு எங்கே போகும்? அது ஒட்டிய இடத்திலேயே இருக்கும். உரசல் அப்படியே தொடரும். அதற்கப்புறம் உள் பேடைத் தனியாகப் பின்னால் எடுக்க வேண்டும். பல காலிப்பர்களில் இதற்கென்று உள்பக்கம் ஒரு திருகு இருக்கும், ஸ்போக் நடுவே எல் கீயை விட்டுத் திருப்ப வேண்டும். இந்த நாலாவது வரி அந்த மூன்று வரிக்குள் இல்லை. அமெரிக்காவின் பார்க் டூல் போன்ற கருவி நிறுவனங்கள் தங்கள் வழிகாட்டிகளில் ஹைட்ராலிக்கையும் மெக்கானிக்கலையும் தனித்தனியாகவே எழுதியிருக்கின்றன. சுருக்கிச் சொல்கிறவர்கள் கையில்தான் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயிற்று.

ஏன் இவ்வளவு சின்ன இடைவெளி?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். பழைய சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கிறது. 26 இன்ச் சக்கரத்தில் கட்டை பிடிக்கிற இடம் அச்சிலிருந்து ஏறக்குறைய 270 மி.மீ. தள்ளி. டிஸ்க்கில், 160 மி.மீ. ரோட்டர் என்றால், பேடு பிடிக்கிற இடம் அச்சிலிருந்து 70, 75 மி.மீ.தான். கதவைத் தாழ்ப்பாள் பக்கம் தள்ளுவதற்கும் கீல் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அதே அளவு நிறுத்த, டிஸ்க் பேடு மூன்றரை மடங்குக்கும் மேலான விசையில் கவ்வ வேண்டும்.

கை ஒன்றுதான், அதன் பலமும் ஒன்றுதான். விசையைப் பெருக்க வேண்டுமென்றால் தூரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் ரிம் பிரேக் கட்டை இரண்டு மூன்று மி.மீ. தள்ளி நிற்க முடிகிறது, டிஸ்க் பேடு அரை மி.மீ.க்கும் குறைவான தூரத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ரிம்மில் ஒரு மி.மீ. கோட்டம் இருந்தால் யாருக்கும் தெரியாது. ரோட்டரில் கால் மி.மீ. வளைந்தாலே ‘சிக்… சிக்…’ என்று ஊருக்கே கேட்கும்.

ஆக, லேசான உரசல் என்பது பெரும்பாலும் பெரிய பழுது இல்லை. டிஸ்க் பிரேக்கின் பலம் எதிலிருந்து வருகிறதோ அதற்கே கொடுக்கிற விலை அது. எப்போதாவது கேட்கிற மெல்லிய சத்தத்தை விட்டுவிடலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் சீக்கிரம் நின்றுபோகிறது, மிதிக்கக் கனமாக இருக்கிறது என்றால்தான் கை வைக்க வேண்டும்.

சத்தத்தை முதலில் கேளுங்க

மூன்று வரி வைத்தியத்தின் பெரிய குறை இதுதான்: அது சத்தத்தைக் கேட்பதே இல்லை. உரசலில் இரண்டு ஜாதி உண்டு. சக்கரம் சுற்றச் சுற்ற விடாமல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று வந்தால், பேடு அல்லது காலிப்பர் இருக்கிற இடத்தில் கோளாறு. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் ‘சிக்’ என்று வந்தால், ரோட்டர் ஓரிடத்தில் வளைந்திருக்கிறது. இந்த இரண்டாவதற்கு நீங்கள் காலிப்பரை நூறு தடவை கழற்றி மாட்டினாலும் தீராது. வளைந்த தட்டுக்கு நேரான நடு என்று ஒன்று கிடையாதே.

பழவேற்காடு மாதிரி ஊரில் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. மலைப்பாதைக்காக எழுதப்பட்ட குறிப்புகளில் அது கடைசியில் வரும், அல்லது வரவே வராது. அதுதான் பிரேக் ஒயர்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடற்கரை ஊரில் ராத்திரி ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அதாவது சைக்கிள் ஏரியில் இறங்க வேண்டியதே இல்லை. திண்ணையோரம் சாத்தி வைத்திருந்தாலே போதும். பகலில் காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு, ராத்திரியில் உப்புத்தண்ணீராக மாறி ஒயர் உறைக்குள் இறங்கும். அங்கே வெயில் படாது, துடைக்க முடியாது. உள்ளே துருப்பிடித்த ஒயர், லிவரை அழுத்தும்போது வரும், விட்டதும் முழுதாகத் திரும்பாது. காலிப்பரில் இருக்கிற கை பாதியிலேயே நிற்கும். பேடு பாதி பிடித்தபடியே இருக்கும். சத்தம் என்னவோ ‘ஸ்ஸ்ஸ்’ தான். பார்க்கிறவர் காலிப்பர் இடம் மாறிவிட்டது என்று நினைத்துப் போல்ட்டில் கை வைப்பார்.

போல்ட்டில் கை வைப்பதும் இங்கே சும்மா இல்லை. காலிப்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத்தண்ணீர் புகுந்தால், மின்கலத்தில் நடப்பது மாதிரியே அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகி போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மலிவான எல் கீயால் திருப்பினால் போல்ட் தலை வழுவழுவென்று ஆகிவிடும். அதற்கப்புறம் எந்த வைத்தியமும் உள்ளே நுழைய முடியாது. ஒயரில் இருந்த கோளாறுக்காக போல்ட்டையும் இழந்தாச்சு.

என்ன வரிசையில் பார்க்கலாம்?

விமர்சனம் செய்தால் மட்டும் போதாது, மாற்றாக என்ன என்று சொல்ல வேண்டும். நான் சொல்வது இந்த வரிசை. சுலபமானதும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்ததும் முதலில், சிக்கலானது கடைசியில்.

முதலில் சக்கரம். பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றி ஓட்டினால் அச்சு நட்டு லேசாகத் தளர்ந்து சக்கரம் ஒரு பக்கம் சாயும். சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, நட்டை (அல்லது க்விக் ரிலீஸை) தளர்த்தி, சக்கரம் ஃபோர்க்கின் காடியில் முழுக்க உட்காரும்படி மேலிருந்து அழுத்தி, திரும்ப இறுக்க வேண்டும். உரசல் இதிலேயே தீர்ந்துபோவதுண்டு.

இரண்டாவது ஒயர். காலிப்பரில் ஒயர் வந்து பிடிக்கிற கையை விரலால் பின்னால் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் சத்தம் நின்றால் குற்றவாளி ஒயர்தான். புது உள் ஒயரும் உறையும் போடுவது இந்தப் பழுதுகளிலேயே மலிவானது, எந்தச் சைக்கிள் கடையிலும் செய்வார்கள். போடும்போது உள் ஒயரில் லேசாக கிரீஸ் தடவிப் போட்டால் உப்பு இறங்குவது தாமதமாகும்.

மூன்றாவது ரோட்டர். காலிப்பர் இடுக்குக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டு சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். தட்டு எந்த இடத்தில் பேடை நெருங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த இடத்தில் பேனாவால் அடையாளம் வைத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாத ஸ்பேனரால் மிக லேசாக எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும், ரிம்மில் கோட்டம் எடுக்கிற அதே பொறுமையோடு. ஒன்று முக்கியம்: சக்கரம் வேகமாகச் சுற்றும்போது ரோட்டர் பக்கம் விரல் போகவே கூடாது. அந்த ஓட்டைகள் விரலை வெட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

நாலாவதுதான் காலிப்பர். மெக்கானிக்கலாக இருந்தால் முதலில் உள் பேடின் திருகைத் திருப்பி, ரோட்டரைத் தொடாமல் மெல்லிய கீற்று வெளிச்சம் தெரிகிற மாதிரி வையுங்கள். உரசுவது வெளி பேடு என்றால் ஒயர் இழுவையைக் கொஞ்சம் குறைக்கலாம். இவ்வளவுக்கும் கேட்கவில்லை என்றால்தான் போல்ட். அப்போதும் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மாற்றி மாற்றி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இல்லையென்றால் இறுக்குகிற வேகத்திலேயே காலிப்பர் திரும்பிக்கொள்ளும். போல்ட்டை ஒருமுறை வெளியே எடுத்தால் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள், அடுத்த தடவை கழற்றும்போது நன்றி சொல்வீர்கள்.

கடைசியில் தேய்மானம். ஷிமானோ ரோட்டர்கள் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5க்கு வந்தால் மாற்றச் சொல்கிறார்கள். மணல் உள்ள ஊரில் பேடு சீக்கிரமே தேயும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் என்கிற ஆபத்து

நம் ஊரில் கீச்சு என்று எது கத்தினாலும் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. கதவுக்கு சரி, செயினுக்கு அவசரத்துக்கு ஆகும். டிஸ்க்கில் விட்டால் பேடு அதைக் குடித்துவிடும். சத்தம் நிற்கும், கூடவே பிரேக்கும் நிற்கும். படகு இன்ஜின் டீசலைத் தொட்ட கையோடு ரோட்டரைத் தொடுவதும், மீன் தண்ணீர் சொட்டுகிற கூடையைச் சக்கரத்துக்கு மேலே கட்டுவதும் இதே கணக்குதான். ரோட்டருக்கு நல்ல தண்ணீரும் சுத்தமான துணியும் போதும்.

இதைவிட ஆபத்தான ஒரு ‘சரிசெய்தல்’ இருக்கிறது. “அண்ணே, சத்தம் தாங்கல.” “ஒயரை நல்லா லூஸ் விட்டுடு தம்பி.” விட்டதும் சத்தம் போய்விடும். ஆனால் இப்போது லிவர் கைப்பிடியைத் தொடும்வரை அழுத்தினாலும் பேடு முழுசாகப் பிடிக்காது. பையன் செருப்புக்காலைத் தரையில் தேய்த்து நிறுத்தக் கற்றுக்கொள்வான். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமே இதுதான். மூன்று வரி வைத்தியம் பலிக்காதபோது, படித்தவர் கைவிட்டுவிட்டுப் போவதில்லை. சத்தம் நிற்கிற அடுத்த வழியைத் தேடுகிறார். அந்த வழி பெரும்பாலும் பிரேக்கையே இல்லாமல் ஆக்குவதில் முடிகிறது. நோயைக் கேட்காத மருந்துச்சீட்டால் வருகிற சேதம் இது.

இந்த ஊருக்கு இந்த பிரேக் எதற்கு?

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். மவுண்டன் பைக் பிறந்த கதையிலேயே ஒரு பிரேக் இருக்கிறது. 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் முதலான நண்பர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். ஏறக்குறைய 400 மீட்டர் உயர இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக்தான் அந்த சைக்கிள்களில். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் எல்லாம் சூட்டில் புகைந்து போய்விடும். திரும்பப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. பின்னாளில் மலை சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் வந்ததற்கு நியாயம் இந்த மாதிரி நீண்ட இறக்கங்களில் இருக்கிறது.

பழவேற்காட்டில் இறக்கம் எங்கே? பாலத்துச் சரிவைவிட்டால் எல்லாம் சமதரை. ரீபேக்கில் வெந்துபோன அந்த ஹப் பிரேக், இந்தச் சமதரையில் வேகவே வேகாது. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டையே பாருங்களேன். அதுவும் சமதரை, மழை, கடல்காற்று. அங்கே தினப்படி ஓடுகிற சாதாரண சைக்கிள்களில் ஹப்புக்குள்ளேயே மூடி வைத்த பிரேக்குகள் இன்றும் சகஜம். மழையும் உப்பும் உள்ளே போக வழி குறைவு.

இதை வைத்து டிஸ்க்கே வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ரிம் பிரேக்கில் மணல் ஒட்டினால் ரிம்மே தேயும், நனைந்தால் பிடி குறையும், ரிம் கோணினால் கட்டை இடிக்கும். டிஸ்க் இந்த மூன்றையும் தவிர்க்கிறது. மழைக்காலச் சேற்றில் அது உண்மையான லாபம். ஆனால் குறைந்த விலை சைக்கிளில் டிஸ்க் என்பது பாதி பிரேக், பாதி அலங்காரம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லா சைக்கிளில் டிஸ்க் இல்லை. அதை எந்தத் தெருமுனைக் கடையிலும் ஓவராயில் பண்ணிவிடலாம், பிரேக் கட்டையும் எங்கேயும் கிடைக்கும். டிஸ்க் பேடு அப்படி இல்லை, மாடலுக்கு ஒரு வடிவம். வாங்குகிறவரிடம் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து சைக்கிள் செய்கிற மாநிலம் இது. கிராமத்து மெக்கானிக்குக்கு ரிம்மும் போக்ஸ் கம்பியும் கைவந்த கலை. டிஸ்க் பிரேக் அவரிடம் வந்து சேர்ந்தபோது அதற்கான அறிவு கூடவே வரவில்லை, மூன்று வரிதான் வந்தது. அந்த இடத்தை நிரப்பப் பெரிய புத்தகம் வேண்டாம். சைக்கிளோடு வருகிற கையேட்டில் தமிழில் ஒரு பக்கம் போதும்: இது ஒரு பக்கம் நகரும் பிரேக்கா, இரண்டு பக்கமா? சத்தம் விடாமல் வருகிறதா, சுற்றுக்கு ஒன்றா? கடற்கரை ஊர் என்றால் ஒயரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

அந்தப் பக்கம் வருகிற வரை, உங்கள் வீட்டு சைக்கிளில் இன்றைக்கே ஒன்று செய்யலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை அழுத்துங்கள், பிறகு பின் பிரேக்கை. சக்கரம் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும், லிவர் கைப்பிடியைத் தொடக் கூடாது. நின்றால், உரசல் சத்தத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். நிற்கவில்லை என்றால் சத்தம் இல்லாவிட்டாலும் அந்த சைக்கிள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகக் கூடாது.